உச்சிப் படத்தில் இல்லாத ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள்தான் ஃபோனில் சொன்னாள். தஞ்சாவூரில் பெட்ரோல் பங்கில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "மாரடைப்பு அங்கிள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சு." அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள்: "பேனருக்கு ஒரு போட்டோ வேணும். மலையில நீங்க எடுத்தது இருக்கும்ல? அம்மா சிரிக்கிற மாதிரி ஒண்ணு." உடனே அனுப்புவதாகச் சொன்னேன். கேமரா வாங்கியே வீட்டில் திட்டு வாங்குகிற எனக்கு ஒரு படத்துக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

நண்பர்களே, நம் மலையேற்றக் குழுவில் அவர்தான் மூத்தவர். நாகூரில் மருந்துக்கடை வைத்திருந்தார். மேடு என்றால் ஆற்றங்கரை மட்டுமே தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். அதனாலோ என்னவோ, உச்சி என்றால் நமக்கு ஒரு வெறி. ஏறினோமா, குழுவின் கொடியைப் பிடித்துப் படம் எடுத்தோமா, இறங்கினோமா என்று இருப்போம். அக்காவுக்கு அந்த அவசரமே கிடையாது. சீக்கிரம் வரச் சொன்னால், "நாங்க கடைமடைக்காரங்க தம்பி. ஆத்துத் தண்ணியே எங்களுக்குக் கடைசியாத்தான் வரும். நானும் மெதுவா வர்றேன்" என்பார். அவர் வந்து சேரும்போது நாம் கொடியைச் சுருட்டியிருப்போம்.

குடகு மலையில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பாதி வழியில் ஒரு சின்ன ஓடை. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்டார். காவிரிக்கு என்றதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப நம்ம ஊருக்குத்தான் கிளம்பியிருக்கு. இருங்க, ஒரு படம் எடுத்துக்கிறேன்." மேலே மூடுபனி இறங்கிவிடுமோ என்கிற பதற்றத்தில் நான் கத்தினேன்: "தண்ணி ஊருக்கு வந்ததும் பாத்துக்கலாங்க்கா! உச்சிக்கு வர்றீங்களா இல்லையா?" அவர் கோபப்படவில்லை. "உச்சி எங்கயும் போயிடாது தம்பி. இந்த வெளிச்சம் போயிடும்" என்றார். நாம் சிரித்துக்கொண்டே ஏறிவிட்டோம்.

ஃபோனை வைத்ததும் படங்களைத் தேடினேன். எல்லா உச்சியிலும் நாம் இருக்கிறோம், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு. அவர் ஒன்றிலும் இல்லை. உங்கள் ஒவ்வொருவரையும் அழைத்தேன், உங்களிடமும் இல்லை. இத்தனை மலைகளுக்கு நம்மோடு வந்த ஒரு மனுஷியின் பக்கம் ஒருவர்கூடக் கேமராவைத் திருப்பவில்லை. வேறு வழியில்லாமல் மகளிடம் சொன்னேன். "பரவால்ல அங்கிள், ஆதார்ல இருக்கிறத பெருசாக்கிக்கிறோம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அந்தப் பேனரை நீங்களும் பார்த்தீர்கள். யாரோ அதட்டியதுபோல விழித்துக்கொண்டிருந்த அந்த முகம் அக்காவுடையதே அல்ல. அதன் கீழே கண்ணீர் அஞ்சலி செலுத்துவோர் என்று நம் குழுவின் பெயர், முதல் ஆளாக என் பெயர். அதற்கு எதிரே நிற்க என்னால் முடியவில்லை.

அடக்கம் முடிந்ததும் மகள் என்னைக் கடைக்குள் அழைத்துப் போனாள். மருந்து அலமாரிக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க அக்கா எடுத்த படங்கள். ஒரு உச்சிகூட இல்லை. பாறை இடுக்கில் பாசி, ஓடை, நம்மில் ஒருவர் காலில் ஏறிய அட்டையை உதறுகிறார், இன்னொருவர் தூக்குவாளியை வழித்துத் தின்கிறார். ஒன்றில் நான் வழியோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறேன். எந்த உச்சியிலும் என் முகம் அப்படி இருந்ததில்லை. "இது அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச படம் அங்கிள், வச்சுக்கங்க" என்று கழற்றிக் கொடுத்தாள்.

படத்தில் நான் அக்காவைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன். அவர் என்ன சொன்னார், அது எந்த மலை என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய நினைவாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இதிலும் இருப்பது நான்.