பதினொரு வேர்க்கடலை

அப்பா கோயிலுக்கு வேர்க்கடலை எடுத்துக்கொண்டு போவார். படைக்க அல்ல, எண்ணுவதற்கு.

கண்டிப்பேட்டை ஏரிப் பக்கம் ஒரு சின்ன பாலாஜி கோயில் இருக்கிறது. ஹைதராபாத்தில் விசா கோயில் என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு பதினொரு முறை சுற்ற வேண்டும். நினைத்தது நடந்தால் திரும்பி வந்து நூற்றியெட்டு முறை சுற்ற வேண்டும். உண்டியல் கிடையாது. கால் வலிக்க நடப்பதுதான் காணிக்கை.

அந்த வருஷங்களில் எங்கள் மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒரு பையன் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தான். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அண்ணன் இன்ஜினியரிங் முடித்து மாதாப்பூரில் வேலைக்குப் போய், அமெரிக்கா போக விசாவுக்கு எழுதிப்போட்டிருந்தான். நான் எட்டாவதோடு நின்றவள். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆன வருஷம் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்குப் பரீட்சை இருந்தது, அதனால் நான் இருந்தேன். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் என்னை யாரும் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜீடிமெட்லாவில் மாத்திரை பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அண்ணனுக்குச் சென்னையில் விசா இன்டர்வியூ. அதற்கு முந்தின சனிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் மெஹதிப்பட்டணம் போய் பஸ் மாறி அந்தக் கோயிலுக்குப் போனோம். அண்ணனுக்கு ஆபீஸ். உள்ளே ஒரே கூட்டம். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, கையில் பாஸ்போர்ட் ஜெராக்ஸோடு பையன்களும் பெண்களும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஐயர், ஓடாதீர்கள், மெதுவாக நடங்கள் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

அப்பா சட்டைப் பையில் பதினொரு கடலை போட்டுக்கொண்டார். ஒரு சுற்று முடிந்தால் ஒன்று வாயில்.

"இன்னாங்க இது, கோயில்ல துன்னுகினு? சாமி பாக்குது" என்றாள் அம்மா.

"பாக்கட்டுமே. நான் கணக்கு தப்பலன்னு அதுக்கும் தெரியட்டும்."

பின்னால் வந்த தெலுங்கு அம்மா ஒருவர், "பிரசாதம் எக்கட இஸ்துன்னாரு அண்டி?" என்று கேட்டார். பிரசாதம் எங்கே தருகிறார்கள் என்கிறார். அப்பா கொஞ்சமும் கூச்சப்படாமல் ஒரு கடலையை எடுத்து அவர் கையில் வைத்தார். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் பை காலியானபோது பத்துச் சுற்றா பதினொன்றா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்துவிட்டது.

"இன்னொண்ணு போய்ட்டு வரேன் வுடு. ஒண்ணு ஜாஸ்தியா போச்சுன்னு சாமி இன்னா திருப்பியா குடுக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாக ஒரு சுற்று போய் வந்தார்.

அப்பா என்ன கேட்டார் என்பது ஊருக்கே தெரியும். நான் என்ன கேட்டேன் என்பது யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு விசா கிடைக்கக் கூடாது என்று கேட்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. அவன் போய்விட்டால் வீட்டில் என்னோடு பேச ஆள் இருக்காது என்பதும் நிஜம். ஆனால் முதலில் வந்தது பொறாமை. சுற்றச் சுற்ற அது சூடு ஏறிக்கொண்டே போனது. பதினொன்றாவது சுற்றில் கொடிமரத்தைக் கடக்கும்போது, "எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், அவன் மட்டும் போகக் கூடாது" என்று மனதுக்குள் சொன்னேன்.

விசா கிடைத்தது. அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்ததும் அப்பா ஒர்க்ஷாப் முழுக்க ஸ்வீட் கொடுத்தார். "வர்ற மாசம் நாலு பேரும் போயி நூத்தியெட்டு சுத்துறோம். எவ்ளோ கடல வாங்கணும் தெரியுமா?" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஒரு நாள் காலை டூட்டிக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு ஷூ காலில் இருந்தது. இன்னொன்று கையில்.

எடுத்துக்கொள் என்று நான்தானே சொன்னேன். அண்ணனைப் போக விட்டுவிட்டு, சொன்ன வார்த்தையை மட்டும் சாமி பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கருமாதி முடிந்ததும் அண்ணன், "நக்கோம்மா, வேணாம், நான் போல. உங்கள வுட்டுட்டு எப்புடிப் போறது" என்று உட்கார்ந்துவிட்டான். அம்மா அவன் பெட்டியைத் தானே அடுக்கினாள். "உங்கப்பா கேட்டு வாங்குனதுடா. அத்த வேணான்னு சொல்ல நீ யாரு? போ." அவன் போனான்.

நூற்றியெட்டு சுற்று அப்படியே நின்றது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா, வருஷம் திரும்பும்வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, தீட்டு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அது ஒரே கவலை. "வேண்டுதல முடிக்காம போனவரு அங்க எப்புடி நிம்மதியா இருப்பாரு?" என்று அடிக்கடி கேட்பாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு உப்பலில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். மாடத்தில் அப்பா போட்டோவும் பாலாஜி படமும் பக்கத்துப் பக்கத்தில். நான் அப்பாவுக்கு மட்டும் பூ வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அம்மா பார்ப்பாள், பிறகு பாலாஜிக்குத் தானே பூ வைப்பாள்.

வருஷ காரியம் முடிந்த மறு சனிக்கிழமை, காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் போனோம். வாசலில் அட்டை வாங்கினேன். ஒன்று முதல் நூற்றியெட்டு வரை கட்டம் போட்டு எண் அச்சடித்த மஞ்சள் அட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு டிக். அம்மாவுக்கு முட்டிவலி. தூண் ஓரம் உட்காரு, நான் நடக்கிறேன் என்றேன். நாள் முழுக்க மாத்திரை ஸ்ட்ரிப் எண்ணுகிறவள் நான், எனக்குக் கணக்கு தப்பாது.

சாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தேன். நாற்பது தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. ஐம்பது சொச்சத்தில் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"உங்கப்பா நடக்க வேண்டியத நீ நடக்குற. இந்தப் புண்ணியம் உனக்குத்தான்டி" என்றாள்.

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"நடவண்டி அம்மா, நடவண்டி!"

"அரே, கைக்கு ருக்கே?" ஏன் நின்றுவிட்டீர்கள் என்று உருதுவில் இன்னொரு குரல்.

அம்மா என்னை ஓரமாக இழுத்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போகக் கூடாது என்று கேட்டதை. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்னதை. என்னால்தான் அப்பா போனார் என்று நினைத்துக்கொண்டே ஒரு வருஷம் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியதை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நானும் அதத்தான்டி கேட்டேன்" என்றாள்.

"எத?"

"அவன் போவக் கூடாதுன்னு. ஒத்தப் புள்ளய அவ்ளோ தூரம் அனுப்ப எனக்கு மனசு வருமா? உங்கப்பா முன்னால கடல துன்னுகினு போறாரு, நான் பின்னால இத்தக் கேட்டுகினு போறேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அம்மா இன்னும் முடிக்கவில்லை.

"நீயாவது எதையாவது எடுத்துக்கோன்னே. நான் என் உசுர எடுத்துக்கோன்னேன். எடுத்துச்சா? பாரு, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். சொல்றத எல்லாம் சாமி எடுத்துக்கும்னா இந்தக் கோயில்ல ஒரு ஆளு உசுரோட வீடு போய்ச் சேர முடியுமா? உங்கப்பாவுக்கு மாரடைப்பு. ரெண்டு வருசமா மாரு வலிக்குதுன்னாரு, டாக்டர்ட்ட வான்னா வரல. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வேண்டுதலா?"

"ஆமா. ரெண்டு பேரு ஒரு பக்கம். அவரு ஒண்டி. ஒண்டியா நின்னு ஜெயிச்சிட்டாரு பாத்தியா மனுசன்!"

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பிறகு நானும் சிரித்தேன். அப்பா போன பிறகு நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. சுற்றுகிறவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். விசா கிடைத்துவிட்டது போல என்று நினைத்திருப்பார்கள்.

அட்டையைப் பார்த்தால் கடைசி டிக் ஐம்பத்தொன்பதில் இருந்தது. நின்ற சுற்றை முடித்தோமா, நடுவில் விட்டோமா, அதற்கு முந்தியதற்கு டிக் போட்டேனா, ஒன்றும் நினைவில்லை. எனக்கே கணக்கு தப்பிவிட்டது.

"இன்னொண்ணு சேத்து நட" என்றாள் அம்மா. "ஜாஸ்தியா போனா திருப்பியா குடுக்கப் போவுது?"

அப்பா சொன்ன அதே வார்த்தை. அது தெரிந்துதான் சொன்னாளா என்று கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளும் என்னோடு நடந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சுற்றிலும் சன்னதிக்கு நேரே வரும்போது நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தில் பாதி நேரம் சாமி தெரியவில்லை. தெரிந்தபோது கும்பிட்டேன். நூற்றியெட்டு முடித்து, அப்பா பெயரில் மேலும் ஒன்று போனோம்.

தேங்காய் உடைத்துவிட்டு வெளியே மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தோம். என் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன. அம்மா போய் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கி வந்தாள். பசிக்கு என்று கை நீட்டினேன். அவள் எண்ணி எண்ணி என் கையில் போட்டாள். பதினொன்று.

"எதுக்கு?"

"உனக்குன்னு நீ ஒண்ணுமே கேக்கலியே இதுவரிக்கும். போயி கேளு."

"கால் வுட்டுப்போச்சும்மா. நாளைக்கி டூட்டி வேற."

"பதினொண்ணுதான. கிளம்பு."

என்ன கேட்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. அது பல வருஷமாக எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. தனியாகப் படித்துப் பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். பேக்கிங்கில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அப்படி எழுதிப் பாஸானவள். பழைய புத்தகங்களைத் தருகிறேன் என்று அவள் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. இதற்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், யாரும் தர வேண்டிய விசாவும் வேண்டாம். இது எனக்கு.

எழுந்தேன்.

"இன்னா கேக்கப் போற?" என்றாள் அம்மா.

"சொல்ல மாட்டேன். நீ எதிரா வேண்டிக்குவ."

"வேண்டுனா மட்டும்? மேல உங்கப்பா ஒருத்தரு கீறாரே, ஒண்டியாவே ஜெயிச்சிட மாட்டாரு?"

கோயிலுக்குள் போனேன். முதல் சுற்று முடிந்ததும் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டேன்.