ஆபீசுன்னு சொல்லாத

விட்டுவிடுவது என்று முடிவெடுத்த அன்று செல்போனை அண்ணனிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் குடுக்காத" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. பள்ளிக்கூடமே போகாமல், ஊரைவிட்டு வந்து டாலிகஞ்சில் டிபன் கடை போட்டு என்னைப் படிக்க வைத்தவன். படித்தவன் சொன்னால் காரணம் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

காரணம், ஆபாசப் படங்கள். ஐந்து வருடமாக, ஆபீஸ் கழிப்பறையில்கூட. நிறுத்திய பிறகு ஏக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். கொலைவெறி வந்தது. தாடை இறுகிப் பல் வலித்தது. மெட்ரோவில் பக்கத்தில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவனின் தலையைக் கம்பியில் மோத வேண்டும் போலிருந்தது. குளியலறைக் கதவைக் குத்திக் குத்தி விரல் மூட்டெல்லாம் தோலுரிந்து கிடந்தது.

ஒன்பதாம் நாள் லீவு போட்டேன். மதியம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம்.

"அண்ணே, போனைக் குடு. ஆபீஸ் வேலை. அதுல ஒரு நம்பர் வரும், அதைப் போட்டாத்தான் உள்ள போக முடியும்."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் வந்து நின்றான்.

"நம்பரு வந்துட்டா? காட்டு."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"நம்பரு தெரியும்ல. பஸ் நம்பரைப் பாத்துத்தான இந்த ஊர்ல திரியுதேன்."

கை நீட்டினான். இரண்டு கையாலும் முழு பலத்தோடு தள்ளினேன். விழாமலிருக்க அவன் கை ஊன்றியது தோசைக்கல்லில். மாவு ஊற்றும்போது வரும் அதே சத்தம்.

பக்கத்து வங்காளி டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு அண்ணே என்று கேட்டார். "கீ ஹோலோ, தாதா?"

"கிச்சு நா" என்றான் அண்ணன், கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடி. ஒன்றுமில்லையாம்.

அப்போதும் போன் என் கையில்தான் இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆபீஸ் இல்லண்ணே. அசிங்கப் படம். நிறுத்த முடியல."

அவன் இடது கையை நீட்டினான். "இனிமே ஆபீசுன்னு சொல்லாதல. அதையே சொல்லிக் கேளு."

போனை அந்தக் கையில் வைத்தேன்.

மறுநாளிலிருந்து தோசை ஊற்றியது நான். கட்டுப் போட்ட கையோடு அவன் பரிமாறினான். பதினோராம் நாள் உடம்பு மறுபடி கொதித்தது. கரண்டியைச் சுவரில் எறிந்தேன்.

"அண்ணே, அசிங்கப் படம் பாக்கணும். போனைக் குடு."

நல்லவேளை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

அண்ணன் கரண்டியைப் பொறுக்கிக் கழுவி என்னிடம் நீட்டினான்.

"கல்லு காயுது. ஊத்து."