சிட்டிபாபுவின் முதுகுப் பக்கம் ஒட்டிய கதை

அனகாபுத்தூர் தாயாரம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் சுபத்ராவைப் பள்ளிக்கரணையில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் போனதும் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். இளையவன் சிட்டிபாபு, தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எழுத்துக் கூட்ட வராது. ஆனால் அக்கா மகள் தமிழினியைத் தூக்கி வளர்த்துப் படிக்க வைத்தவன் அவன்தான்.

அந்தத் தமிழினி இப்போது டிசைன் படிக்கிறாள். பஸ் ஸ்டாப், ஆட்டோ என்று ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற இடத்திலெல்லாம் படிக்க ஏதாவது இருக்கவேண்டும் என்பது அவள் யோசனை. மாமன் சீட்டின் பின்பக்கம் ஒரு கட்டம்போட்ட ஸ்டிக்கரை ஒட்டினாள். போனைக் காட்டினால் கதை வரும். தாம்பரத்தில் ஆரம்பித்தால் பல்லாவரத்தில் முடியும்.

“இன்னா கதைம்மா?”

“அது பாசஞ்சருக்கு மாமா. நீ ரோட்டைப் பாரு.”

முதல் நாளே ஒரு அம்மாள் போனை நீட்டிவிட்டு, “இன்னாப்பா, காசு அனுப்பலாம்னு பார்த்தா கதை வருது!” என்றாள். வண்டியே சிரித்தது, அவனும் சிரித்தான்.

அப்புறம்தான் மனசு கெட்டது. குரோம்பேட்டை நெருங்கினால் பின்னால் களுக்கென்று சிரிப்பு. கண்ணாடியில் பார்த்தால் எல்லார் கண்ணும் அவன் முதுகின்மேல். இறங்கும்போது, “தேங்க்ஸ் மாமா” என்கிறார்கள். அண்ணா என்று கூப்பிடுகிற ஊரில் யாரோ ஒருவன் மாமா என்றால் அதற்குக் கெட்ட அர்த்தமும் உண்டே! அவனைவிடப் பெரியவர், தலை முழுக்க நரைத்த, தினமும் வண்டியில் வருகிற சவுரிமுத்துகூட அப்படித்தான் கூப்பிட்டார். தூக்கி வளர்த்த பெண்ணே தன்னைக் கேலி செய்து எழுதிவிட்டாளோ? அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

ஒரு காலை, தாம்பரம் ஸ்டாண்டில் ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தான். வழக்கமாக வருகிற தபீதாள் டீச்சர் ஏறினார்.

“ஐயோ, ஏன்ப்பா பிய்க்கிற?”

“என்னை வெச்சி காமெடி பண்ணிகினு கீறாங்க டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே?”

டீச்சர் போனைக் காட்டி, வாய்விட்டுப் படித்தார்.

“வெள்ளம் வந்த வருஷம் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். நான் தொப்பலாக நனைந்தேன். குடை என் புத்தகப் பைக்கு. கேட்டால், ‘நீ நனைஞ்சா தொட்ச்சிக்கலாம்மா, எழுத்து நனைஞ்சா கரைஞ்சிடும்’ என்றார்.”

“இங்கேதான் எல்லாரும் சிரிக்கிறது,” என்றார் டீச்சர். சிட்டிபாபு சிரிக்கவில்லை. டீச்சர் கதையின் கடைசிவரை படித்தார்.

“இன்று நான் படிக்கிற எழுத்தெல்லாம் அந்தக் குடைக்கு அடியில் பிழைத்தது. இந்த ஸ்டிக்கருக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறாரே, அவர்தான் என் மாமா. எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குத் தீராது. இறங்கும்போது நீங்களும் ஒரு ‘தேங்க்ஸ் மாமா’ சொல்லிவிட்டுப் போங்கள்.”

அவன் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஓடி, நாலு சோற்றுப் பருக்கை வாங்கிவந்து, கிளம்பிய மூலையைத் தேய்த்து ஒட்டினான்.

அன்றைக்கு சவுரிமுத்தும் வந்தார். பல்லாவரத்தில் இறங்கி, “தேங்க்ஸ் மாமா” என்றார்.

“நல்லாரு மருமவனே,” என்றான் சிட்டிபாபு, “பார்த்து ரோடு தாண்டு.”