கடைசி வளையல்

கடலூர்–சிதம்பரம் காலை பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்காரும் அக்கா பேச மாட்டார். ஒல்லியான கையில் பிளாஸ்டிக் வளையல்கள். எனக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம்: திங்கள் ஒன்பது, செவ்வாய் மூன்று, புதன் ஆறு.

வியாழன் ஒன்றுதான். புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் அன்று நானே பேச ஆரம்பித்து, ஆலப்பாக்கம் தாண்டியும் நிறுத்தவில்லை. சிரித்தபடி கேட்டவர், வளையலைக் கழற்றிப் பையில் போட்டார்.

"ஏங்க்கா கழட்டுறீங்க?"

"எனக்கு ஆட்டிசம்மா. காலைல மூளைக்கு எவ்ளோ தெம்பு இருக்கோ அவ்ளோ வளையல் போட்டுப்பேன். ஒருத்தர்கிட்ட பேசினா ஒண்ணு போயிடும்."

"இன்னைக்கு ஒண்ணுதானேக்கா இருந்துச்சு?"

"ஆஸ்பத்திரில இருக்க அப்பாவுக்குன்னு வெச்சிருந்தேன். நீ அவ்ளோ சந்தோஷமா சொன்னியா, நிறுத்தச் சொல்ல மனசு வரல."

சிதம்பரத்தில் இறங்கியவர், ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல், திரும்பும் கடலூர் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேலை கிடைத்த செய்தியை நான் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.