டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு நாமம்

முதல் அறை விட்டது நான்தான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்ப இடமிருக்காது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் டிரங்க் ரோட்டோரம் எனக்கு ஒரு கார் ஷெட் இருந்தது. திருவள்ளூரில் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு ஸ்பானரைப் பிடித்தவன் நான். அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த எரிச்சலையெல்லாம் கையில் வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் கை நீண்டுவிடும். ஷெட்டுக்கு வந்து போகிறவர்களில் என்னிடம் அடி வாங்காதவர் யார் என்று பார்த்தால், போஸ்ட்மேன் ஒருவர்தான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஆரம்பாக்கம் பக்கத்து நிலக்காரர் ஒருவரின் கார் வந்து நின்றது. பழைய சீமைக் கார். ஆயுத பூஜைக்கு என் ஷெட்டில் இருந்து, நானே எல்லாம் பார்த்துப் பொட்டு வைத்து அனுப்பிய வண்டி. இப்போது சைலன்சரில் கறுப்புப் புகை. நடுநடுவே டமார் என்று வெடி. பின் சீட்டில் முதலாளி, இரண்டு பக்கமும் அவருடைய வயலாட்கள். மூன்று பேர் முகமும் சரியில்லை.

டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்.

"காலைலதான் மேஸ்திரி மிஸ் ஆவுது. வெயில் ஏறிச்சின்னா ஒண்ணும் இல்ல, சும்மா ஓடுது."

அந்த ஒரு பேச்சிலேயே விஷயம் முழுக்க இருந்தது. ஈரத்தில் படுத்து வெயிலில் எழுந்துகொள்கிற இஞ்சின் என்றால், கரண்ட் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிந்தால் பிளக் பற்றாது. பற்றாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ப் புகைந்து வெடிக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு டிரைவர் சொல்லி நான் கேட்பதாவது! ஒரு பிளக்கைக் கழற்றினேன். நனைந்து, கரி பிடித்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் நாற்றம்.

பெட்ரோல் விலை தலைக்குமேல் போன நேரம் அது. டாங்கிலிருந்து உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கிற டிரைவர்களைப் பற்றி ரோடு முழுக்கப் பேச்சாக இருந்தது.

"கிருஷ்ணாயில் கலந்துகீறான்" என்றேன், முதலாளிக்குக் கேட்கும்படி.

"பெருமாள் மேல சத்தியமா இல்ல மேஸ்திரி. நீ நல்லா பாரு" என்றார் டிரைவர்.

நல்லா பாரு என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இடது காதோடு சேர்த்து ஓங்கி விட்டேன். அவர் காரின் மட்கார்டில் மோதி விழுந்தார். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எனக்கே நாமம் போட்டியாடா?" என்று கத்திக்கொண்டே, வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை எடுத்து டிரைவரின் தோளில் ஓங்கிப் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வயலாட்கள் இரண்டு பேரும் சேற்றுக் காலால் வயிற்றில் மிதித்தார்கள். "வோணாம் நைனா, வோணாம் நைனா" என்றுதான் அவர் அலறினார். அந்தப் பக்கத்தில் பெரியவர்களை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள், அப்பா என்று அர்த்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். உண்மையைச் சொன்னால், திருப்தியாக இருந்தது.

ஓய்ந்த பிறகு அவர் சேற்றிலிருந்து எழுந்து, சட்டைப் பையிலிருந்த கார் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். திருடன் என்று பேர் வாங்கிய டிரைவருக்கு அந்த ரோட்டில் யாரும் ஸ்டியரிங்கைத் தரமாட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வாரம் போனது. அதே கார், அதே புகை, அதே வெடி, புது டிரைவர். முதலாளி பக்கத்தில் நின்று ஊற்றிய பெட்ரோல் என்றான். பிளக்கைக் கழற்றி முகர்ந்தேன். மண்ணெண்ணெய். கையை ஓங்கினேன். அவன் பின்னால் ஒதுங்கிக்கொண்டு சொன்னான்.

"கிருஷ்ணாயில் நாத்தம் உன் கைலதான் மேஸ்திரி அடிக்குது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெஞ்சுக்கு அடியில், சாமான் கழுவுகிற மண்ணெண்ணெய்த் தட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கை அதில்தான் கிடக்கும்.

ஒரு கோணியை எடுத்து என் தலைக்கும் பானெட்டுக்குமாகப் போர்த்திக்கொண்டு, இஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். அந்த இருட்டில் பார்த்தேன். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் ஒரு நாமம். இரண்டு பக்கமும் திருமண், நடுவில் சூர்ணம். ஊரில் எல்லோரும் பானெட்டில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் கோயில் வீட்டுப் பிள்ளை, இஞ்சினின் தலை இதுதான் என்று குழைத்து நாமமே சாத்தியிருந்தேன். மழை ஈரத்தில் ஊறிப்போன அந்த நடுக்கோட்டின்மேல், ஒரு ஒயர்க் குழியிலிருந்து இன்னொன்றுக்கு நீலப்பொறி ஓடிக்கொண்டிருந்தது.

துணியால் அழுத்தித் துடைத்தேன். இஞ்சின் சீராகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் புகையும் நின்றது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "போனா போவுது, வுடு மேஸ்திரி. அதான் வேற டிரைவர் வந்துட்டானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு அறை விடத்தான் கை வந்தது. விடவில்லை. என் கைக்கு ஆள் பார்க்கத் தெரியும்.

மறுநாள் ரயிலேறி ஆரம்பாக்கத்தில் இறங்கினேன். ஸ்டேஷன் எதிரில் ஒரு டீக்கடையில் அந்தப் பழைய டிரைவர் ஒற்றைக் கையால் விறகு பிளந்துகொண்டிருந்தார். இன்னொரு கை கழுத்துத் துணியில் தொங்கியது. அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்து, யார் காதிலும் விழாதபடி சொன்னேன்.

"தப்பு என்னுதுதான்."

அவர் பிளந்துகொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன். அப்போதுதான் என்னைப் பார்த்துவிட்டு, வலது காதைக் காட்டித் தலையைத் திருப்பினார்.

"அந்தக் காது போச்சு மேஸ்திரி. இப்டிக்கா வந்து, சத்தமா சொல்லு."

கடையில் பேச்சு நின்றுவிட்டது. "நீ ஒண்ணும் கலக்கல. நாமம் போட்டது நான்தான்" என்றேன்.

"யாரு?"

"நான்தான்! நாமம் போட்டது நான்தான்!"

பெஞ்சிலிருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் என் கன்னத்தைக் காட்டி, "அடி" என்றேன். அவர் கோடாலியைக் கீழே வைத்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன், மனசார விரும்பினேன்.

"ஊர்ல இன்னும் நாலு டீக்கடை கீது. வா" என்றார்.

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். மூன்றாவது கடையிலேயே என் தொண்டை கட்டிவிட்டது. நாலாவது கடையிலும் அவர் சரியாகக் கேட்கவில்லை என்றார்.