எங்காத்து, நம்மாத்து

வீடு பேசி முடிந்த அன்று, வீட்டை விற்கிற மாமா சொன்னது இரண்டே வார்த்தை. "சரி, எடுத்துக்கோங்கோ." புரோக்கர் உடனே எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "மாமா வாய்ல வந்துட்டா ரெஜிஸ்டர் ஆன மாதிரிங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். அது ஆனி மாசம். அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கிய நாள் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

துவாக்குடியில் நானும் எங்க வீட்டுக்காரரும் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறோம். வாடகை இடம். முன்பக்கம் மெஸ், பின்பக்கம் குடித்தனம். கல்யாணம் ஆனதிலிருந்தே வாடகைதான். வீடு மாறும், ஓனர் மாறுவார், கேள்வி மட்டும் மாறாது. என்றைக்காவது ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி, "எப்பங்க காலி பண்றீங்க?" என்பார்கள். எனக்குப் பெரிய வீட்டு ஆசையெல்லாம் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்காத வீடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அவருக்கும் முட்டி தேய்ந்துவிட்டது, எனக்கும் அண்டா தூக்க முடியவில்லை. மெஸ்ஸை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு வாங்கி, மாவு அரைத்து விற்றுக் காலத்தை ஓட்டலாம் என்று முடிவு செய்தோம்.

கிடைத்தது வடக்கு வாசல் பக்கம் ஒரு சந்தில். ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் கிணறு, ஒரு முருங்கை. மாமாவும் மாமியும் மட்டும் இருந்தார்கள். பையன் பெங்களூரில் ஃப்ளாட் வாங்குகிறான், அதற்குப் பணம் வேண்டும், இவர்களும் அங்கேயே போய்விடுவார்கள் என்று பேச்சு. வீடு மாமி பேரில் இருந்தது, அவருடைய அப்பா கொடுத்தது. ஆனால் பேசியதெல்லாம் மாமா. அக்ரிமெண்ட்டில் மாமா விரல் வைத்த இடத்தில் மாமி கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தீர்த்தம் சாப்பிடுங்கோ. நம்மாத்துக் கிணறு. குடிச்சுப் பாருங்கோ, கல்கண்டா இருக்கும்."

எனக்கு மனுஷர்கள் பேசுகிற பேச்சின்மேல் ஒரு பைத்தியம் உண்டு. காய்க்காரம்மா என்ன சொன்னார், கண்டக்டர் யாரை எப்படித் திட்டினார் என்று சாயங்காலம் சப்பாத்தி தேய்த்தபடியே எங்க வீட்டுக்காரரிடம் ஒப்பிப்பேன். அன்றைக்கு ஒப்பித்தது இந்த "நம்மாத்து"வை. 'எங்க வீடு' என்றால் நடுவில் வேலி போட்டுப் பேசுவது. 'நம்ம வீடு' என்றால் எதிரே நிற்கிறவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பது. ஆத்து என்றால் அவர்கள் பாஷையில் வீடு. நம்மாத்து என்று மாமி வாயாலேயே வந்துவிட்டது. இனி என்ன பயம் என்றேன். ஓனரிடமும் இடத்தைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டோம்.

ஆடி பிறந்தது. ஆடி கழியட்டும் என்றார் மாமா. நியாயம்தான். ஆவணியில் பையன் வருகிறான், அவன் வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பையன் வரவில்லை. புரட்டாசி பெருமாள் மாசம், அதில் இடம் விட்டு இடம் போக வேண்டாமே என்றார். எதையும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மூன்று மாசம் போயிருந்தது.

நடுவில் மாமாவிடமிருந்து தினமும் காலையில் போனில் பெருமாள் படம் வரும், கீழே குட் மார்னிங் என்று போட்டு. எங்க வீட்டுக்காரர் அதை ஸ்கூல் அட்டெண்டன்ஸ் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்தால் வீடு இருக்கிறது. ஒரு வாரம் படம் வரவில்லை.

"இன்னிக்கும் பெருமாள் வரலை" என்றார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஏங்க, போன் போட்டுத்தான் கேளுங்களேன்."

"என்னன்னு கேக்கறது? குட் மார்னிங் ஏன் அனுப்பலைன்னா?"

மாமா ரீசார்ஜ் செய்ய மறந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் அந்த வீட்டை மனசால் எத்தனையோ தடவை இழந்து முடித்திருந்தோம்.

நான் மட்டும் ஒரு நாள் கிளம்பிப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரத்தை வேலைக்காரம்மாவிடம் விட்டுவிட்டு, துவாக்குடியில் பஸ் ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வெறுங்கையோடு போக முடியாது. சமைத்த பண்டம் கொண்டுபோனால் மாமிக்கு வாங்கவும் சங்கடம், மறுக்கவும் சங்கடம். அதனால் வாழைப்பூ வாங்கலாம் என்று நின்றேன். பூக்காம்பை முறித்துக்கொண்டே நான் வழக்கமாக வாங்குகிற காய்க்காரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"என்னக்கா, வீடு வாங்கறேன்னியே?"

"வாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மூஞ்சியப் பாத்தா இருந்த வீட்டை வித்துட்டு வந்தவ மாதிரில இருக்கு."

சிரித்துவிட்டுப் பஸ் ஏறினேன். சிரிப்பு காவேரிப் பாலம் தாண்டும்வரைகூட வரவில்லை.

அங்கே போனால் பின்கட்டில் பிளம்பர் உட்கார்ந்து புதுக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா முருங்கைக்காய் கேட்டு நின்றார். மாமி அவரிடம், "எங்காத்து மரத்துல இப்போ காய் இல்லை. மாசிக்கு மேல வாங்கோ, கொத்துக் கொத்தா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கோ, உக்காருங்கோ" என்றார். வாழைப்பூவை வாங்கிக்கொண்டார். தேதியைப் பற்றிக் கேட்டதற்கு, "எல்லாம் மாமாதான் சொல்லணும்" என்றார். மாமா அப்போதுதான் எழுந்து வந்து, "பாக்கலாம்" என்றார்.

சாயங்காலம் மாவு பிசையும்போது எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்காத்துன்னுட்டாங்க. ஆனியில நம்மாத்து. இப்ப எங்காத்து. மாசிக்கு மேல வேற வரச் சொல்றாங்க. குழாய் வேற மாட்டறாங்க. விக்கப் போறவங்க குழாய் மாட்டுவாங்களா?"

"ஒழுகினா மாட்ட மாட்டாங்களா? நமக்குத்தான் நல்லது."

"அந்த எங்காத்து?"

"மாமி அவங்க புருஷனையும் எங்காத்துக்காரர்னுதான் சொல்றாங்க. உன் திருப்திக்காக நம்மாத்துக்காரர்னு சொல்லச் சொல்றியா?"

சப்பாத்திக் கட்டையை வைத்துவிட்டுச் சிரித்தேன். ஆனால் அவரும் பயந்துதான் போயிருந்தார். ஏனென்றால் சிறிது நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "அக்ரிமெண்ட் இருக்கு. கேஸ் போடலாம்தான். ஜெயிச்சு உள்ள போறதுக்குள்ள நம்மளத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும்" என்றார். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் ஒருத்தன், "ஆன்ட்டி, வீடு ரெடியா?" என்று கேட்டான். ரெடி, ரெடி என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓனர் குடையோடு வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "மாசக் கடைசியில காலியாயிடும்லங்க? ஹாஸ்டல்காரர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. நாங்களாகச் சொன்னதுதான். அன்றைக்கே நனைந்துகொண்டு ஸ்ரீரங்கம் போனேன். இந்தத் தடவை கையில் எதுவும் கொண்டுபோகவில்லை.

மாமா பெருமாள் சேவிக்கப் போயிருந்தார். மாமி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னார். நான் எதிரே உட்கார்ந்து பாதி அவரையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தேதி கேக்கத்தானே வந்தேள்?"

"ஆமாங்க மாமி."

"நீங்க வரப்பல்லாம் எப்போ காலி பண்ணப் போறேள்னு கேக்கறாப்ல இருக்கு எனக்கு."

எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த வீட்டைத் தேடினேனோ அதைத்தான் இவரிடம் மாசாமாசம் வந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டேன், வாழைப்பூ கொடுத்துவிட்டுக் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமி தலையைத் தூக்காமல் பேசிக்கொண்டே போனார். "பெங்களூர் போய்க் கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டு வந்தேன். எத்தனையோ மாடி. கீழ இறங்கினா எந்த லிஃப்ட் நம்மளதுன்னு தெரியலை. மாட்டுப்பொண் தங்கமானவ. ஆனா கதவைச் சாத்திண்டு நாள் பூரா கம்ப்யூட்டரோட பேசறா. நான் யாரோட பேசறது? எனக்கு அங்க இருப்பு கொள்ளாது. மாமாவுக்கும் தெரியும். ஆனா உங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டார். இல்லேன்னு சொல்ல அவருக்கு நாக்கு எழலை. அதான் ஆடிங்கறார், ஆவணிங்கறார். நீங்களா அலுத்துப் போய் வேண்டாம்னு சொல்லிடுவேள்னு பாத்துண்டிருக்கார்."

அப்புறம்தான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீங்களே ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லிடுங்கோளேன். உங்க அட்வான்ஸ் அப்படியே இருக்கு, தொடலை."

அந்த இடத்தில் நான் பெரிய மனசோடு ஏதாவது சொல்லியிருந்தால் இதை எழுதுவதற்கு நன்றாக இருந்திருக்கும். அப்படி எதுவும் வாயில் வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது.

"முடியாதுங்க மாமி" என்றேன். "நீங்க இல்லைன்னு சொல்லுங்க, அட்வான்ஸை வாங்கிக்கிட்டுப் போயிடறோம். சண்டை போட மாட்டோம், கேஸ் போட மாட்டோம். ஆனா நானா வேணாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வீடு வேணும். எங்களை மாசக் கடைசியில போகச் சொல்லிட்டாங்க."

"இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது? குடுக்கறேன்னும் நான் சொல்லலையே. என்னை யாரு கேட்டா?"

உண்மைதான். புரோக்கர் மாமாவைக் கேட்டார், எங்க வீட்டுக்காரர் மாமாவைக் கேட்டார், பையன் அப்பாவுக்குத்தான் போன் போட்டான். ஒரு மெஸ்ஸையே ஓட்டுகிற நானும் மாமாவின் வாயைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். யார் பேரில் வீடு இருக்கிறதோ அவரிடம் நான் வாங்கிக் குடித்தது தண்ணீர் மட்டும்.

"இப்பக் கேக்கறேன் மாமி. குடுக்கறீங்களா?"

மாமி உரித்த அவரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "போயிட்டு வரேன் மாமி" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து, "மழை விட்டதும் போங்கோ" என்று மட்டும் வந்தது. மழை விடுகிற மாதிரி இல்லை. கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போச்சு" என்றார். மறுநாளிலிருந்து துவாக்குடியிலேயே வேறு வாடகை இடம் தேட ஆரம்பித்தோம். பார்த்த இடத்திலெல்லாம் மெஸ் என்றால் வேண்டாம் என்றார்கள். ஓனரிடம் கெஞ்சி இன்னும் கொஞ்ச நாள் தவணை வாங்கினோம். மாமாவின் படம் தினமும் வந்தது. இப்போது அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து அதே எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது மாமி.

"வர்ற வியாழக்கிழமை நாள் நன்னா இருக்காம். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்துடுங்கோ. அப்புறம் ஒரு விஷயம், நாங்க பெங்களூர் போகலை. விக்கத்தான் வேணும், பையனுக்குக் குடுத்தாகணும். அதுக்காகப் போகத்தான் வேணும்னு எங்க இருக்கு? இங்கயே ரெண்டு தெரு தள்ளிக் கீழ்ப்போர்ஷன் ஒண்ணு வாடகைக்குப் பாத்தாச்சு. மாமாவைச் சம்மதிக்க வைக்கத்தான் இத்தனை நாள் ஆச்சு."

அந்த வியாழக்கிழமை வரைக்கும் நான் நம்பவில்லை. ஆபீசில் போட்டோ எடுக்கும்போதும் நம்பவில்லை. உள்ளே அதிகாரி மாமியைப் பார்த்து, "விருப்பப்பட்டுத்தான் எழுதிக் குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். எல்லாரையும் கேட்கிற கேள்விதான். மாமா வாயைத் திறந்தார். மாமி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "ஆமாம், நான்தான் குடுக்கறேன்" என்றார். எங்க வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

வெளியே வந்தபோது சந்தோஷம் என்று ஒன்று வரும் என எதிர்பார்த்தேன். கால் வலிதான் வந்தது. மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் மாமியும் நானும் உட்கார்ந்தோம். ஆண்கள் இருவரும் நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்கப் போயிருந்தார்கள். மாமி முகமும் வெளுத்துத்தான் இருந்தது. சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தார்.

"நான் வாடகைக்கு இருந்ததே இல்லை" என்றார். "என்னல்லாம் பாத்துக்கணும்? உங்களுக்குத்தான் தெரியும்."

"ஆணி அடிக்கறதுன்னா முன்னாடியே கேட்டுடுங்க மாமி" என்றேன். "மோட்டார் எப்பெப்பப் போடுவாங்கன்னு முதல் நாளே பேசிடுங்க. கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கா?"

"பாக்கலையே."

"அதைப் பாக்காம விடாதீங்க. பால் காய்ச்சறதுக்கு முன்னாடி நான் ஒரு நடை வந்து பாக்கறேன்."