பச்சை முதுகு

எனக்கு வாய் கொஞ்சம் முந்தும். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிடுவேன், அதுவும் அடித்துச் சொல்வேன். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சாயப்பட்டறை. நூலைச் சாயத்தில் முக்கி, வீட்டை ஒட்டிய காலி இடத்தில் கம்பு கட்டிக் காயப்போடுவோம். எங்கள் நாய்க்கு அந்த ஈர நூலுக்குக் கீழே படுத்தால்தான் உறக்கம் வரும். ஒருநாள் சிவப்பாக எழுந்து வரும், இன்னொரு நாள் நீலமாக வரும். தெருவில் யாருக்கும் இது ஆச்சரியமே இல்லை. நாயைப் பார்த்தே இந்த வாரம் எந்த நிறத்துச் சேலை ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

போன வருஷம் கோடையில் தெருத் தெருவாக வந்து நாய்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார்கள். போட்ட நாய்க்கு அடையாளமாக முதுகில் பச்சைப் பெயிண்ட் தடவினார்கள். அன்றைக்கு நான் வாசுதேவநல்லூரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். மனைவி கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தால் நாயின் முதுகில் பளிச்சென்று பச்சை. நாம் இல்லாவிட்டாலும் வேலை முடிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். காலையில் பட்டறையில் என்ன நிறம் காயப்போட்டுவிட்டுப் போனேன் என்பதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சாயக்காரனே நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பது?

இரண்டு நாள் கழித்து, குடத்தோடு வந்த அக்கா தெரியாமல் நாயின் வாலை மிதித்துவிட்டார். அது திரும்பிக் கணுக்காலில் ஒரு கவ்வு கவ்விவிட்டது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவணுமோ தம்பி?"

"எதுக்குக்கா? ஊசி போட்ட நாயிதான். முதுகப் பாருங்க. சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க, போதும்."

அக்கா நாயின் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மனைவி நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, இங்கன வந்து பாருங்க. பச்ச போவுது!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் பச்சைத் தண்ணீர் ஓடியது. தொட்டு முகர்ந்தேன். அந்த வாசனை எனக்குத் தெரியாதா, என் பட்டறைச் சாயம்தான். நாலு வாளி ஊற்றியதும் முதுகு பழையபடி செம்பட்டையாகிவிட்டது. பெயிண்டாக இருந்தால் அவ்வளவு லேசில் போகாது. ஊசி போட வந்தவர்களும் பச்சையைப் பார்த்துவிட்டு, போட்ட நாய்தான் என்று நகர்ந்திருக்க வேண்டும்.

எதிர் வீட்டுக்குப் பத்தடி தூரம்தான். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் தோன்றியது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை அணைத்தார்.

"நீ சொன்னேன்னுதான தம்பி நேத்து நிம்மதியாத் தூங்குனேன்" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நேராக அரசு மருத்துவமனைக்குப் போனோம். "ஊசி போட்ட நாய் கடிச்சாலும் உடனே வந்திருக்கணும்மா. வேண்டாம்னு யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானே கையைத் தூக்கினேன்.

அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள். மீதி ஊசிகளுக்கும் நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அது ஒழுங்காகச் சாப்பிட்டு, எப்போதும்போல இருந்தால் பயமில்லையாம். தினமும் விடிந்ததும் அக்கா எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்க்கா."

நாய் சாப்பிட்டது. எனக்குத்தான் பத்து நாளும் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினோம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குக்கா அலையுதீய?"

"நானும் வாரேன். இந்தத் தடவ நான் கண்ணால பாக்கணும்."

ஊசி போடும்போது நாயின் தலையை அவர்தான் பிடித்துக்கொண்டார். கடித்த வாய் அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டாக்டர் தடுப்பூசி அட்டையை எழுதி என்னிடம் நீட்டினார். அக்கா குறுக்கே கையை நீட்டி அதை வாங்கி, தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அட்டை இன்றும் அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தான் இருக்கிறது. உங்கள் நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று யாராவது கேட்டால், எதிர் வீட்டைக் கையால் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன்.